திருவிழாவுக்கு மட்டும் விளையாடும் ஊர்: எல்லோரையும் களத்தில் இறக்க என்ன வழி?

வடகரைத்தம்பி (கேள்வி):

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊருக்காகக் கேட்கிறேன். சுமார் 300 வீடுகள். ஊர்த் திருவிழாவில் ஒரு நாள் கபடி, ஒரு நாள் வாலிபால் நடக்கும். 16 அணிகள் வரும், அதில் எங்கள் ஊர் அணி ஒன்றோ இரண்டோதான். ஊரில் ஆடுகிறவர்கள் 20 பேர், மற்ற எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பவர்கள். மறுநாள் வலையைச் சுருட்டிப் போட்டால் அடுத்த வருஷம்தான் பிரிப்போம்.

பெண்கள், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், 40 தாண்டிய ஆண்கள், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர்கள், இவர்களை வாரம் இரண்டு மூன்று நாளாவது களத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுற்றுச்சுவர் உள்ள பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. கரையில் மணல் இருக்கிறது. ஊராட்சிக்கு வந்த கலைஞர் விளையாட்டு உபகரணப் பெட்டியும் இருக்கிறது, ஆனால் பூட்டியே கிடக்கிறது. ஒழுங்காக வேலை செய்ய ஆறு பேர், கையில் 30,000 ரூபாய். எங்கிருந்து தொடங்குவது? எதில் சறுக்கும்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கச்சான்:

தம்பி, எந்த விளையாட்டு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு சார்ட் எடுத்து ஊரின் நேரக்கணக்கை எழுதுங்கள். விசைப்படகுக்காரர் எந்தெந்த நாள் டோக்கன் (மீன்துறை அனுமதிச் சீட்டு) போட்டுப் போகிறார், எப்போது கரை அடைகிறார்? நாட்டுப்படகும் வத்தையும் எப்போது கிளம்புகின்றன? மீன் விற்கும் பெண்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள்? குழாயில் தண்ணீர் எப்போது வரும்? நம் பக்கத்தில் பல முயற்சிகள் முதல் மாதத்திலேயே படுத்துவிடுவதற்குக் காரணம் சோம்பல் கிடையாது. "காலை 6 மணிக்கு எல்லோரும் வாங்க" என்று அறிவிப்பார்கள். அந்த நேரத்தில் ஆண்களில் பாதிப் பேர் கடலில், பெண்களில் பாதிப் பேர் மீன் ஏலத்தில் நிற்பார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்திருக்கும். புதிதாக எதையும் பழக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் வெக்கையும் அப்போதுதான் உச்சம். உள்நாட்டு வெயிலைவிட நம் கரை வெயில் ஆபத்தானது. காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஊற்றுமே தவிர உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் அந்த இரண்டு மாதமும் காலை 7 மணிக்குள் முடியுங்கள், அல்லது மாலை 5 மணிக்கு மேல் தொடங்குங்கள். ஆட்டத்துக்கு நடுவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்துத் தண்ணீர். 1 லிட்டருக்கான உப்புக்கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலம் ஒன்றை முழு 1 லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம், அது தவறு. பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி.

ஞாயிறு கோயில் திருப்பலி, வெள்ளி மதியம் ஜும்ஆ, மாலை மஃரிப் தொழுகை நேரம் இவற்றையும் சார்ட்டில் குறியுங்கள். பிற்பகல் தொழுகையான அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கிடைக்கும் நேரம்தான் பல ஊர்களில் இளைஞர்களின் ஆட்ட நேரம். அதில் தலையிட்டு அவர்களை விரட்டினால் முதல் பகை அங்கேயே தொடங்கிவிடும்.

இலக்கு வைக்க ஓர் அளவு: பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் திருவிழா கபடி ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை.

கோட்டுநடுவர்:

போட்டியின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. 16 அணி நாக்-அவுட் என்றால் மொத்தம் 15 ஆட்டம். முதல் சுற்றிலேயே 8 அணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். தோற்றுப் போகிறவர்கள்தான் ஆடிப் பழக வேண்டியவர்கள், அவர்களைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறோம்.

நான்கு நான்காக 4 குழு பிரியுங்கள். ஒரு குழுவில் 6 ஆட்டம், ஆக 24 ஆட்டம். அதன்பின் அரையிறுதி 2, இறுதி 1. எந்த அணியும் குறைந்தது 3 ஆட்டம் ஆடும். "நேரம் எங்கே?" என்று கேட்பார்கள். வாலிபாலில் 21 புள்ளிக்கு ஒரே செட் வையுங்கள். ஆட்டம் 20 நிமிடம், அணி மாற 5 நிமிடம். 24 ஆட்டத்துக்கு 600 நிமிடம், இரண்டு களம் போட்டால் 5 மணி நேரம். காலையில் பாதி, மாலையில் பாதி என்று ஒரே நாளில் முடியும்.

இன்னும் மூன்று விதிகளைச் சேருங்கள். முதலாவது, பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் குழு ஆட்டங்களில் ஒன்றிலாவது முழுதாக இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அணிக்கு ஒரு புள்ளி குறையும். இரண்டாவது, ரொக்கப் பரிசு வேண்டாம். பத்தாயிரம், இருபதாயிரம் என்று நோட்டீஸ் அடித்தால் வெளியூர் ஆட்டக்காரரைக் கூலிக்கு இறக்குவார்கள், உள்ளூர்ப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அதே பணத்துக்குப் பந்தும் வலையும் வாங்கி எல்லா அணிக்கும் கொடுங்கள், மறுநாளும் ஆட்டம் நடக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: தெருவுக்கு ஓர் அணி, சாதிக்கு ஓர் அணி, கட்சிக்கு ஓர் அணி என்று விடவே விடாதீர்கள். வயதுவாரியாகச் சீட்டு எழுதிப் போட்டு, ஊரைக் கூட்டி வைத்துக் குலுக்கி அணி பிரியுங்கள். அணிப் பெயர் சுறா, வாளை, ஊளி என்று மீன் பெயராக இருக்கட்டும். ஒரே அணியில் நாலு தெருக்காரரும் இருந்தால், தோற்றவன் எந்தத் தெருவைத் திட்டுவான்?

கபடியில் எடைப் பிரிவு வையுங்கள். 55 கிலோ, 65 கிலோ, அதற்கு மேல் என்று மூன்று. எடைப் பிரிவு இல்லாத களத்தில் ஒல்லியான பையன் ஒருமுறை அடிபட்டால் பிறகு கோட்டுப் பக்கமே வரமாட்டான். களம் ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. தொடுகோடு (பாடி வருகிறவர் தாண்ட வேண்டிய கோடு) நடுக்கோட்டிலிருந்து ஆண்களுக்கு 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். பெண்கள் ஆட்டத்துக்கும் ஆண்கள் கோட்டிலேயே ஆடவிடுவது ஊர்களில் சகஜம். பாடி வருகிறவர் மூச்சு வீணாகி, ஆட்டம் சுவையற்றுப் போகும்.

நன்றாக ஆடுகிறவர்களுக்கு முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. பள்ளி, கல்லூரி மட்டும் இல்லை, பொதுமக்கள், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. மாவட்ட அளவிலான விவரங்களை ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம்.

மணல்மேடு:

களம் பற்றி மட்டும் சொல்கிறேன், பலர் இதில்தான் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

கபடிக்கு உள்நாட்டிலிருந்து செம்மண் இறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 13-க்கு 10 மீட்டர் களத்தில் அரை அடி கனத்துக்குப் போட்டாலே ஏறக்குறைய 7 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) மண். உங்கள் 30,000 அதிலேயே கரையும். முதல் வருஷம் கரை மணலே போதும். கடற்கரைக் கபடியில் ஒரு பக்கம் 4 பேர்தான் ஆடுவார்கள், சிறு அணிகள் நிறைய சேரும்.

மணலை ஒரு அடி ஆழம் கிளறிச் சலியுங்கள். ஜல்லி சலிக்கும் சல்லடை போதும். நம் கரையில் சிப்பி, பவளக்கல் துண்டு, அறுந்த நரம்பு வலை, தூண்டில் முள், பாட்டில் சில்லு எல்லாம் கிடக்கும். சுற்றுவட்டத்தில் சீமைக்கருவேலம் இருந்தால் வேரோடு பிடுங்குங்கள். வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெட்டிய முள்ளை அங்கேயே குவித்து வைத்தால் காற்று அதைக் களத்துக்குள் கொண்டுவந்து போடும். முள் பந்தையும் கிழிக்கும், காலையும் கிழிக்கும். வெறுங்காலோடு ஆடுகிற எல்லோரும் டிடி ஊசி போட்டிருக்கிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் சரிபாருங்கள்.

வாலிபாலுக்குக் கரைக் களம் 16-க்கு 8 மீட்டர், சுற்றிலும் 3 மீட்டர் காலியிடம். வலை உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24. பழகும் பிள்ளைகளுக்கு 2 மீட்டருக்கு இறக்குங்கள், எட்டாத வலை ஆசையைக் கொன்றுவிடும். இரும்புக் குழாய்க் கம்பம் உப்புக்காற்றில் அடிப்பக்கம்தான் முதலில் அரிக்கும், வெளியே தெரியாமல் ஒருநாள் முறிந்து விழும். 3.5 மீட்டர் சவுக்குக் கம்பு நட்டு, 1 மீட்டர் மண்ணுக்குள் இறக்குங்கள். மணலில் முளையடித்து இழுகயிறு கட்டினால் அரை மணியில் தளர்ந்துவிடும். அதற்குப் பதில் சாக்கில் மணல் நிரப்பி வாயைக் கட்டி, அதோடு கயிற்றைப் பிணைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் குறுக்காகப் புதையுங்கள். எவ்வளவு இழுத்தாலும் வராது. வலை மேலே ஓடும் இரும்புக் கம்பிக்குப் பதில் 8 மில்லி நைலான் கயிறு. வாலிபால் வலையின் கண் 10 சென்டிமீட்டர் சதுரம்தான். அதைக் கடைக்குப் போய் வாங்குவானேன்? ஊரில் வலை பொத்துகிறவர்கள் ஒரு மாலையில் பின்னிவிடுவார்கள். கையால் பின்னிக் கொடுத்தவர் மறுநாள் களத்தை எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார்.

கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம், காற்றில் பறந்து கண்ணை எரிக்கும். கயிறு காலை வெட்டும். 5 சென்டிமீட்டர் அகலத் தட்டை நாடாவை விரித்து, மூலைக்கு மூலை மரத்துண்டில் கட்டிப் புதையுங்கள்.

சிமென்ட் மேடை, கேலரி எதையும் கரையில் யோசிக்காதீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி குறுக்கே நிற்கும். இன்னொன்று, ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை முட்டையிடும், குஞ்சு பொரிக்கும் காலம். குஞ்சு வெளிச்சத்தை நோக்கி நகரும். பெரிய விளக்குப் போட்டு இரவு ஆட்டம் நடத்தினால் கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு ஊருக்குள் ஊர்ந்து வந்து சாகும். அந்த மாதங்களில் இரவு ஆட்டத்தைப் பள்ளி மைதானத்துக்கு மாற்றுங்கள்.

பாசிக்கரை:

பெண்களைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"பெண்களும் வரலாம்" என்று மைக்கில் அறிவித்தால் ஒருத்தியும் வரமாட்டாள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாரம் ஒருநாள் கூடும் அல்லவா? கணக்கு முடிந்ததும் அதே இடத்தில் அரை மணி நேரம் விளையாட்டு என்று குழுத் தலைவிகளிடம் பேசுங்கள். வீட்டில் கூட்டம் என்று சொல்லி வந்தவர்கள்தான், புதிதாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இடம் சுற்றுச்சுவருள்ள பள்ளி மைதானம். கரையில் வேண்டாம், அங்கே ஆண்கள் வலை பொத்திக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருப்பார்கள். முதல் இரண்டு மாதம் அந்த அரை மணி நேரத்தில் ஆண்கள் உள்ளே வரக்கூடாது, உங்கள் ஆறு பேர் உட்பட.

ஆட்டம் வளையப்பந்தில் (டென்னிகாய்ட்) தொடங்கட்டும். நம் பள்ளிகளில் படித்த பல பெண்கள் ஏழு எட்டாம் வகுப்பில் அதை ஆடியவர்கள், கைக்கு ஞாபகம் இருக்கும். 40 அடி நீளம், 18 அடி அகலம், 6 அடி உயரத்தில் வலை, ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். ஓட்டம் குறைவு, யார் மேலும் யாரும் மோத மாட்டார்கள், சேலையிலும் ஆடலாம். ஒரு மாதம் போனதும் எறிபந்து. பக்கத்துக்கு 7 பேர், பந்தை இரண்டு கையாலும் பிடித்து 3 விநாடிக்குள் எறிய வேண்டும். அடிக்கத் தெரிய வேண்டாம் என்பதால் வாலிபாலுக்குக் கூச்சப்படுகிறவரும் இறங்குவார். டிராக்சூட், ஷூ என்று எதுவும் கேட்காதீர்கள். சுடிதாரோ நைட்டிமேல் துண்டோ, வந்தபடி வரட்டும்.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வேலை நாள். தண்ணீருக்குள் மணிக்கணக்காக முங்கி எழுந்து வருகிறவரை மாலையில் ஓடச் சொல்லக்கூடாது. அந்த நாட்களில் முதுகு, தோள், தொடைக்கு நீட்டிமடக்கும் பயிற்சி பத்து நிமிடம் போதும். ஓட்டமும் ஆட்டமும் இடைப்பட்ட நாட்களுக்கு.

கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்காக ஓரத்தில் ஒரு பாய், ஒரு பாட்டி. இது இல்லாவிட்டால் 20 முதல் 30 வயதுக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள்.

கடைசியாக, எழுதி ஒட்ட வேண்டிய ஒரே விதி: போட்டோ, வீடியோ கூடாது. ஒருத்தி ஓடி விழுந்த காட்சி யாருடைய ஸ்டேட்டஸிலாவது வந்தால் மறுவாரம் மைதானம் காலி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மட்டும் இல்லை, எல்லாக் கரையிலும் இதுதான் நிலைமை. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்துவதற்கும் பாதிக் காரணம் பார்க்கிறவர்களின் கண்தான். அம்மாவும் சித்தியும் அதே மைதானத்தில் ஆடினால் பிள்ளையை யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

வடகரைத்தம்பி:

அக்கா, போட்டோ விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். கடலோரத்திலேயே இருந்தும் பெண் பிள்ளைகளுக்கும், படகு வைத்திராத வீட்டுப் பையன்களுக்கும் நீச்சல் தெரியவில்லை. கடலில் பாதுகாப்பாகக் கற்றுக்கொடுக்க முடியுமா? அடுத்தது, "கடலுக்குப் போறவனுக்கு எதுக்குத் தனியா எக்சர்சைஸ்" என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

தென்கடல்:

முடியும், ஆனால் எந்தக் கடல், எந்த மாதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) ஓரளவு அமைதி. வாடை தொடங்கிவிட்டால் அப்படியே தலைகீழ். உங்கள் ஊர் வடகடல் பக்கம் என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் வகுப்பு இல்லை, காற்று எவ்வளவு அமைதியாக இருந்தாலும்.

படகு, நங்கூரக் கயிறு இல்லாத, அடி மணலாக உள்ள இடம் பாருங்கள். கரைக்கு இணையாக இரண்டு கம்பு நட்டு 20 மீட்டர் கயிறு கட்டுங்கள், அந்த இடத்தில் ஆழம் பிள்ளைகளின் இடுப்பளவு. கயிற்றைத் தாண்டி ஒருவரும் போகக்கூடாது. ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர் தண்ணீருக்குள், அதுபோக ஒருவர் கரையில் நின்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் ஜோடி ஜோடியாக இருக்கட்டும். 10 நிமிடத்துக்கு ஒரு விசில், ஜோடி கையைத் தூக்க வேண்டும். மீட்புக்கு 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, கைப்பிடியில் 15 மீட்டர் கயிறு கட்டி வையுங்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் வீசும்போது காற்றில் விலகாமல் போகும்.

முதல் இரண்டு நாள் நீச்சலே கிடையாது. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூக்கு வழியாகக் குமிழி விடுவது, மல்லாந்து மிதப்பது, மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது. கையை வீசக் கற்றுக்கொடுத்துவிட்டு மிதக்கக் கற்றுக்கொடுக்காமல் விடுவதுதான் பெரிய தப்பு. களைத்தவனைக் காப்பாற்றுவது மிதப்புதான். 25 மீட்டர் நீந்தி, நின்ற இடத்தில் 30 விநாடி மிதந்தால் முதல் கட்டம் முடிந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பாசிக்குப் போகும் அக்காமாரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று பேசி, உங்கள் 30,000-ல் ஒரு பங்கைச் சம்பளமாக அவர்களுக்குக் கொடுங்கள். சும்மா வரச் சொல்லாதீர்கள், அவர்கள் நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள்.

திருக்கை மணலில் புதைந்து கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கப் பழக்குங்கள். சொறி (ஜெல்லிமீன்) பட்டால் மணலால் தேய்க்கவும் நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது, கடல் தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழையைச் சாமணத்தால் எடுத்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வையுங்கள். மூச்சு வாங்கினால் உடனே 108. தீவுப் பக்கம் படகில் கூட்டிப் போகும் யோசனையே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அனுமதியின்றி இறங்க முடியாது.

கச்சான்:

இரண்டாவது கேள்விக்கு: வலை இழுக்கிறவர் கேட்பது நியாயம்தான், அவரைக் கபடிக்கு இழுக்காதீர்கள். அவருக்கு வலு குறைவில்லை. அடிமுதுகும் தோளும் ஒரே பக்கமாகத் தேய்கின்றன, அதுதான் பிரச்சினை. இரவு முழுக்கக் கடலில் இருந்தவருக்கு முதலில் தூக்கம். மாலையில் இடுப்பு, தொடைப் பின்புறம் தளர 10 நிமிடம் போதும். உங்கள் கவலை கடலை விட்டு நின்றவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கடை வைத்திருப்பவர் மேல் இருக்கட்டும். நாற்பது ஐம்பது வருஷம் உழைத்த உடம்பு திடீரென்று உட்காரும்போதுதான் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும்.

அவர்களுக்கு நடை. ஆனால் காய்ந்த மணலில் வேண்டாம், கெட்டித் தரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு அது, இதய நோய் உள்ளவருக்கு ஆகாது. அலை நனைத்த ஓரத்தில் நடக்கலாம். கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் தாழ்ந்தே இருக்கும், போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு முழங்காலுக்கும் சமமாகும். நேராகப் போய்ப் பஸ் ஏறி வருகிறவர்களுக்குத்தான் ஒரு பக்கம் வலிக்கும். 65 தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலை முன்காலில் ஒட்டி நடப்பது போன்ற சமநிலைப் பயிற்சி சேருங்கள், கிணற்றடியில் விழுவது குறையும். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் யார் யாருக்கு எது கூடாது என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கோட்டுநடுவர்:

விட்டுப்போன ஒன்று: சுளுக்குக்கு ஐஸ். மீன் பிடிக்கிற ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. உடைத்த ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், நேரடியாகத் தோலில் வைக்காமல். உடனே நீவி எடுக்க விடாதீர்கள், முதல் இரண்டு நாள் நீவினால் வீக்கம் கூடும்.

வடகரைத்தம்பி:

அந்தப் பூட்டிய பெட்டியை என்ன செய்வது? சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. கேட்டால் "தொலைஞ்சா யார் பொறுப்பு" என்கிறார்கள்.

மணல்மேடு:

அவர்கள் பயமும் சரிதான். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவே கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் எது பக்கத்தில் வருகிறதோ அதில். தீர்மானத்தில் மூன்று பேர் பெயர் இருக்கட்டும், ஒருவர் கட்டாயம் மகளிர் குழுவிலிருந்து. பெட்டியில் உள்ள பொருள் ஒவ்வொன்றும் ஒரு நோட்டில் ஏறட்டும், எடுக்கும்போதும் வைக்கும்போதும் கையெழுத்து. கிழிந்த பந்தைத் தூக்கி எறியாமல் கணக்குக்காகத் திருப்பி வையுங்கள். பந்தை ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும், உப்போடு வைத்தால் தையல் விடும். காற்றடிக்கும் ஊசி நம் காற்றில் ஒரு மாதத்தில் துருப்பிடித்து வால்வைக் கிழிக்கும். நாலைந்து வாங்கி, தேங்காயெண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.